மற்ற தரப்பு

நான் வேலை பார்க்கும் அலுவலகம் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டி இருக்கிறது. குடியிருப்போர் புகார்ப் பிரிவு. யார் காரை யார் இடத்தில் நிறுத்தினார்கள், மேல் வீட்டில் ஏன் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள், எந்த நாய் எந்தச் செருப்பைக் கடித்தது என்பதையெல்லாம் விசாரித்து நியாயம் சொல்வது என் உத்தியோகம். என் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. சண்டை போட வருகிறவர்கள் அதைப் பட்டச் சான்றிதழ் என்று நினைத்துக் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. கிடைக்கிற மரியாதையை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

பட்டம் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. அரசியல், பன்னாட்டு உறவுகள், உளவியல் என்று மூன்று பாடமும் அதில் ஒரே வரியில் இருக்கும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அம்மா அக்கம்பக்கத்தில், "எல்லாரும் ஒண்ணு படிச்சா இவ மூணு படிக்கிறா" என்று சொல்லிவிட்டாள். மூன்றிலும் மூன்றில் ஒரு பங்குதான் படிக்கிறேன் என்பதை நான் விளக்கப் போகவில்லை.

சொந்தக்காரர்கள் அவரவருக்குப் பிடித்த பங்கை எடுத்துக்கொண்டார்கள். மாமா, "எலெக்‌ஷன்ல நிக்கப்போறியா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார். அத்தை என் எதிரில் வந்து உட்கார்ந்து கண்ணை அகல விரித்து, "இப்ப என் மனசுல என்ன ஓடுது, சொல்லு பாக்கலாம்" என்றாள்.

"வந்து அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் யாரும் ஒரு டீ கூடக் குடுக்கலையேன்னு ஓடுது."

அத்தைக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து என் பக்கம் நேராகப் பார்க்கவே பயந்தாள். மூன்று வருடப் படிப்பில் நான் சரியாகக் கணித்த ஒரே மனம் அதுதான்.

கல்லூரியில் நிலைமை வேறு. உளவியல் மட்டும் படிக்கிறவர்கள் எங்களைக் கோஷம் போடுகிற கூட்டம் என்றார்கள். அரசியல் மட்டும் படிக்கிறவர்கள் ஜோசியக் கூட்டம் என்றார்கள். நானோ எல்லா வயலிலும் நுனிப்புல் மேய்ந்துவிட்டு, இரண்டாம் வருடம் முடிவதற்குள் வீட்டில் யாரும் என்னோடு பேச முடியாத நிலைக்கு வளர்ந்திருந்தேன். பாத்திரம் தேய்க்கச் சொன்னால், "இது அதிகாரப் பகிர்வுப் பிரச்சினைம்மா" என்பேன். "அப்படியா, இந்தா உன் பங்கு" என்று அம்மா தேய்க்கும் நாரைக் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு டிரை கிளீனிங் கடை இருந்தது. முன்பக்கம் அப்பா நீராவி இஸ்திரி போடுவார். பின்பக்கம் சித்தப்பா கறை எடுப்பார், மெஷினில் துணி போடுவார். அப்பா கை வைத்தால் பேண்ட் மடிப்பில் காய் நறுக்கலாம், ஆனால் மைக் கறைக்கும் எண்ணெய்க் கறைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. சித்தப்பாவிடம் போகாத கறை கிடையாது. ஒரு சட்டையை நேராக மடிக்கச் சொன்னால் மட்டும் அது தலையணை மாதிரி வரும். இப்படி ஒருவரில்லாமல் ஒருவருக்கு ஓடாத கடையில், அண்ணனும் தம்பியும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

காரணம் ஒரு வெள்ளைக் கோட்டு. கல்யாண மாப்பிள்ளை ஒருவருடையது. முதுகில் இஸ்திரி சூடு பட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறிவிட்டது. அந்த வாடிக்கையாளர் கடையே அதிரக் கத்தியபோது அப்பா பதற்றத்தில், "தம்பி பாத்திருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். போனவர் மறுநாள் வேலைக்கு வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார், பேச்சு மட்டும் வரவில்லை.

அதற்காகக் கடையை நிறுத்த முடியுமா? துணியில் ஊசி குத்தி மாட்டுவோமே மஞ்சள் அட்டை, அதில் எழுதித்தான் குடித்தனம் நடந்தது. "காலர் கறை அப்படியே உள்ளது" என்று அப்பா எழுதுவார். "பார்த்தாயிற்று, துணியே அப்படி" என்று கீழே பதில் வரும். எழுதியதைக் கழற்ற மறந்து துணியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஒருவர் தன் பேண்ட்டில் "கண் தெரியாவிட்டால் கண்ணாடி போடவும்" என்ற அட்டையைப் பார்த்து, நேராகக் கண் டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொண்டு வந்து எங்களுக்கு நன்றி சொன்னார்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது சித்தப்பா ஒரு அட்டையில் எழுதினார்: "கடையைப் பிரித்துக்கொள்ளலாம்." அப்பா கீழே "சரி" என்று எழுதினார். மூன்று மாதம் கழித்து, முதல் தேதியன்று தச்சர் வந்து கடையை நடுவில் பலகை வைத்து அடைப்பதாக முடிவாயிற்று. அம்மா அந்த அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து துணி மூட்டை மேல் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதியது சரியாக அந்தப் பலகை வரப்போகிற இடத்தில்தான். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் சித்தப்பா, நடுவில் நான்.

அழுது முடித்ததும் படித்த புத்தி வேலை செய்தது. நான் யார்? அரசியல் தெரிந்தவள், நாடுகளுக்கு நடுவே சமாதானம் எப்படி நடக்கிறது என்று பரீட்சை எழுதியவள், மனித மனத்தை மூன்றில் ஒரு பங்கு அறிந்தவள். இந்தச் சண்டையை நான் தீர்க்காமல் யார் தீர்ப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சாப்பாட்டு மேஜையில் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்தேன். இரு தரப்புக்கும் சம உயர நாற்காலி, இரண்டு தம்ளர் தண்ணீர், நடுவில் நிகழ்ச்சி நிரல். சித்தப்பா வரவில்லை. தன் சார்பில் சித்தியை அனுப்பியிருந்தார். சித்தி அம்மாவோடு சமையலறைக்குப் போய்விட்டாள். அப்பா தனியாக உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை முழுக்கப் படித்தார். எதைப் பேசினாலும் நடுவில் ஒரு 'ஆகமொத்தம்' போடுவது அவர் பழக்கம்.

"ஆகமொத்தம், இன்னிக்கு டிபன் கிடையாதா?" என்றார்.

அசடு வழிந்துகொண்டு நாற்காலிகளைத் திரும்ப எடுத்து வைத்தேன். ஆனால் விடவில்லை. எங்கள் பட்டத்தில் கடைசி வருடம் ஓர் ஆய்வு எழுத வேண்டும். அது இல்லையென்றால் பட்டமே கிடையாது. நான் வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய், சிறு நிறுவனத்தில் நீண்டகால மௌனம் பற்றி ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்த நிறுவனம்?"

"எங்கப்பா கடை, மேடம்."

"பேசாதவங்க யாரு?"

"அப்பாவும் சித்தப்பாவும்."

"வேற யாருமே கிடைக்கலையா உனக்கு?"

நான் நான்கு பக்கத்துக்கு நியாயம் எழுதிக் கொடுத்தேன். நெறிமுறைக் குழு ஒரு வழியாகச் சம்மதித்தது, ஆனால் நிபந்தனைகள் போட்டது. பங்கேற்பவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்களைப் பெயரால் அல்ல, எண்ணால் குறிக்க வேண்டும். எந்த எண் யார் என்ற பட்டியல் பேராசிரியையின் பூட்டிய அலமாரியில் இருக்கும். பேட்டியைத் தட்டச்சு செய்து அவரவரிடமே கொடுத்து, "நான் சொன்னதுதான் இது" என்று கையெழுத்து வாங்க வேண்டும். யார் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் அவர் பேச்சை அழித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகவே கூடாது.

"போச்சுன்னா ஆய்வு அங்கேயே முடிஞ்சுது. புரியுதா?" என்றார் பேராசிரியை.

"கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கறேன் மேடம்" என்றேன்.

முதலில் அப்பாவிடம் போனேன். தையற்கடைச் சீருடை இருபது வந்திருக்கிறது, நாளைக்குப் பேசலாம் என்றார். அதனால் சித்தப்பாவிடம் பேசினேன். பெரிய பேச்சுக்காரர் இல்லை. கறை நீக்கும் பிரஷ்ஷைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தவர், திடீரென்று ஒன்று சொன்னார். பத்து வயதில் அவர் கால் எலும்பு முறிந்தபோது அப்பா அவரை சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாராம். நல்ல மழையாம். அப்பா தன் சட்டையைக் கழற்றி இவர் தலைக்குப் போட்டாராம். "அப்படிப்பட்ட மனுஷன் அன்னிக்கு அந்தாள் முன்னாடி என்னைக் கை காட்டிட்டாரு. அப்புறமாவது ஒரு வார்த்தை பேசியிருந்தா முடிஞ்சிருக்கும். நானும் காத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

மறுநாள் அப்பா ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் ஒரு மணி நேரம் இஸ்திரி மெஷினைப் பற்றி. கடைசியில்தான், "வாய் தவறி வந்துடுச்சு. ஆகமொத்தம், அவனாவது ஒரு வார்த்தை பேசியிருந்தா முடிஞ்சிருக்கும். நானும் காத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு அப்போது அடையாளம் அழிக்கும் வெறி. கடை என்று வந்த இடமெல்லாம் 'நிறுவனம்' ஆயிற்று. அண்ணன், தம்பி, அவர், அவன் எல்லாம் 'மற்ற தரப்பு' ஆயிற்று. "மற்ற தரப்பு என்னை சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனது. மற்ற தரப்பு தன் சட்டையைக் கழற்றியது" என்று தட்டச்சு செய்துவிட்டு, இதைப் படித்து யார் யாரென்று கடவுளால்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமைப்பட்டேன். தாள்களை உறையில் போட்டு ஒட்டினேன். ஒன்றின் மேல் பங்கேற்பாளர் 1 என்றும் மற்றதின் மேல் பங்கேற்பாளர் 2 என்றும் எழுதினேன். ஒன்றாம் எண்ணை அப்பாவிடமும் இரண்டாம் எண்ணைச் சித்தப்பாவிடமும் கொடுத்தேன்.

நான்கே நாளில் இரண்டு உறையும் திரும்பி வந்தன. இரண்டிலும் "நான் சொன்னதுதான் இது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. கால் தரையில் பாவாமல் பேராசிரியையிடம் கொண்டுபோனேன்.

அவர் அலமாரியைத் திறந்து பட்டியலை எடுத்தார். பட்டியலைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணாம் நம்பர் யாரு?"

"எங்கப்பா மேடம்."

"இதுல உங்க சித்தப்பான்னு நீயே எழுதியிருக்கியே."

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். முதலில் பேட்டி கொடுத்தது சித்தப்பா. அதனால் அவர்தான் ஒன்று. ஆனால் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டிலிருந்து செய்தித்தாள் வரை எல்லாம் முதலில் அப்பாவுக்குத்தான் போகும். ஒன்று என்று பார்த்ததும் கை தன்னால் அப்பாவிடம் நீட்டிவிட்டது. மூன்று வருடம் படித்த ஆராய்ச்சி முறை, வீட்டுப் பழக்கத்துக்கு முன்னால் ஒரு நொடி தாக்குப்பிடிக்கவில்லை.

அப்பா சித்தப்பாவின் பேச்சைப் படித்திருக்கிறார். சித்தப்பா அப்பாவின் பேச்சைப் படித்திருக்கிறார். இரண்டு பேரும் அது தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"படிக்காமயே போட்டிருப்பாங்களோ மேடம்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

பேராசிரியை ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். சைக்கிள் வருகிற இடம். 'மழை' என்ற சொல்லைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில் எழுதியிருந்தது: "மழை இல்லை. வெயில்."

பிறகு அவர், "நீ போயி ரெண்டு பேர்கிட்டயும் நடந்ததைச் சொல்லியாகணும். இன்னிக்கே. விலகல் படிவமும் எடுத்துட்டுப் போ" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். பட்டம் போனது ஒரு பக்கம். பேசாமல் இருந்தவர்கள் கைகலப்பில் இறங்கினால் அது என்னால்தான். அன்று முதல் தேதி என்பது கடை வாசலில் தச்சரின் வண்டியைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பலகைகள் வண்டியில் கட்டியபடி இருந்தன. தச்சர் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா, இந்தப் பக்கம் அப்பா. இரண்டு பேரும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கோட்டின் மேல் நின்று, உறை மாறியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அப்பா கையில் இருந்த சட்டையின் கை மடிப்பை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"தெரியும். மொத பக்கத்துலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏம்ப்பா நான் சொன்னதுன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் சொன்னதுதானேம்மா எழுதியிருந்துச்சு" என்றார். இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பின்பக்கத்தில் பிரஷ் சத்தம் நின்றது. சித்தப்பா என்னிடம் பேசுகிற மாதிரி, ஆனால் கடை முழுக்கக் கேட்கும்படி பேசினார். "எனக்கும் தெரியும். பேரையெல்லாம் அழிச்சியே, அந்த ஆகமொத்தத்தை அழிச்சியா? பதினாறு தடவை வருது. எண்ணிப் பாத்தேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஆனா அன்னிக்கு மழைதான்" என்றார் சித்தப்பா, இன்னும் என்னைப் பார்த்தே.

அப்பா திரும்பினார். என்னைத் தாண்டி, நேராக. "வெயில்டா. கொளுத்துற வெயில். இல்லேன்னா எதுக்குடா என் சட்டையைக் கழட்டி உன் தலையில போட்டேன்?"

"நனைவேன்னு போட்டீங்க."

"வெயில்ல காய்வியேன்னு போட்டேன்."

"எனக்குக் கால்தானே உடைஞ்சுது, கண்ணு தெரிஞ்சுதே. மழைண்ணா."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கடையில் 'அண்ணா' என்ற சொல்லை அப்போதுதான் கேட்டேன். சொன்னவருக்கே தான் சொன்னது தெரியவில்லை. கால்மணி நேரம் விடாமல் வாதாடினார்கள். தச்சர் சுண்ணக்கட்டியோடு எழுந்து நின்று, "பலகைய இறக்கணுமா, வேணாமா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும், "கொஞ்சம் இருய்யா" என்றார்கள், இரண்டு பேரும் சேர்ந்தே. கடைசியில் அவர் தானாகவே பலகையை இறக்கி, அளவு எடுத்து வந்தது வீணாகக் கூடாதென்று, கோட்டுக்கு மேலே சுவரில் துணி மூட்டை வைக்க ஒரு பரண் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நின்றேன். எப்படியோ சமாதானம் ஆயிற்று, ஆய்வுக்கு இதைவிட நல்ல முடிவு உலகத்தில் யாருக்குக் கிடைக்கும்? குழுவிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிடலாம், முதல் வகுப்பு நிச்சயம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லப்பா. ஆய்வுலேருந்து விலகணும்னா போடற கையெழுத்து. நீங்க போட வேணாம்."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஊரெல்லாம் படிக்குமா இதை?" என்று அப்பா கேட்டார்.

"கல்லூரியில மட்டும்தான்ப்பா. பேரே இருக்காது."

"ஆகமொத்தம் இருக்குமில்ல" என்றார் சித்தப்பா.

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் தம்பியிடம் நீட்டினார். ஆளுக்கொரு படிவம் என்று நான் சொல்வதற்குள், சித்தப்பா அதே தாளில், அண்ணன் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.

விதிப்படி இருவர் பேச்சையும் அழித்தேன். அவசர அவசரமாக நூலகத்தில் உட்கார்ந்து வேறொரு தலைப்பில், எனக்கே புரியாத ஓர் ஆய்வை எழுதினேன். தேர்ச்சி பெறத் தேவையான மதிப்பெண் கிடைத்தது, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. மேல்படிப்புக்கு எந்தக் கல்லூரியும் என்னைக் கூப்பிடவில்லை. அப்படித்தான் இந்த மோட்டார் அறைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அப்பாவும் சித்தப்பாவும் கடையை மூடிவிட்டு ஓய்வாக வீட்டில் இருக்கிறார்கள். மழையா வெயிலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

போன வாரம் கார் நிறுத்தும் சண்டையில் வந்த ஒருவர், நான் நியாயம் சொன்னதும் கோபம் தணியாமல் என் தலைக்கு மேலே தொங்கும் தாளை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, பட்டம்னு நெனச்சேன். 'இந்த ஆய்விலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்'னு போட்டிருக்கு. கீழ ரெண்டு கையெழுத்து."

"ஆமா" என்றேன். "எங்கப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து போட்டது."